வார்டுக்குப் போகும் துணிப்பொம்மை

வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்த பொம்மை. சுமார் 40 சென்டிமீட்டர் உயரம், உருண்டைத் தலை, விரித்த கைகள், இரண்டு கால்கள். அவ்வளவுதான். கண், மூக்கு, வாய் கிடையாது. முடியும் சட்டையும் கிடையாது. பொம்மைக் கடையில் வைத்தால், தைத்து முடிக்காத சரக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் பெல்ஜியம், டென்மார்க், ஜெர்மனி என்று பல நாடுகளின் குழந்தைகள் வார்டுகளில் பல வருடங்களாக இந்த மொட்டைப் பொம்மைக்குத்தான் வேலை இருக்கிறது. கிவானிஸ் பொம்மை என்று பெயர். 1915இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய கிவானிஸ், நம் ஊர் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களைப் போன்ற சேவைச் சங்கம். அதன் உறுப்பினர்களும் தையல் தெரிந்த தன்னார்வலர்களும் வீட்டில் உட்கார்ந்து இவற்றைத் தைத்து மருத்துவமனைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

முகத்தை வரைவது குழந்தையின் பொறுப்பு. பொம்மையோடு ஸ்கெட்ச் பேனாவும் கைக்கு வரும். சிரிக்கிற முகமோ, அழுகிற முகமோ, கோபமான முகமோ, அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அது. அப்புறம் மருத்துவர் அதே பொம்மையில் 'இங்கேதான் ஆபரேஷன், இந்த இடத்தில் ஒரு குழாய் இருக்கும், முழித்துப் பார்க்கும்போது இங்கே கட்டு போட்டிருப்போம்' என்று கோடு போட்டுக் காட்டுவார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வாய் திறக்காத குழந்தைகூட, பொம்மைக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டிவிடும். முகத்தை நாமே அழகாகச் சிரிக்க வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டால் இதில் பாதி நடக்காது. வலியில் இருக்கிற பிள்ளையிடம் எப்போதும் சிரிக்கிற முகத்தைக் கொடுப்பதில் ஒரு கட்டாயம் ஒளிந்திருக்கிறது.

நோயுற்ற குழந்தைக்குப் பரிசு என்று நினைத்துத் தைக்கும் பொம்மை ஒரு மாதிரி வரும். வார்டில் வேலை செய்யப்போகிற பொருள் என்று நினைத்துத் தைத்தால் வேறு மாதிரி வரும். துணி, பஞ்சு, தையல், அளவு எல்லாமே அதனால் மாறும். அந்த இரண்டாவது வழியைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

குழந்தையின் கட்டிலில் பொம்மைக்கு இடம் கிடைத்ததே பெரிய கதை. 1950கள் வரை பிரிட்டனில் பல மருத்துவமனைகள் பெற்றோரை வார்டுக்குள் நிம்மதியாக விடவில்லை. பார்வை நேரம் சொற்பம். சில இடங்களில் வாரத்துக்கு ஒரு தடவைதான். அம்மா வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராமல் இருந்தால் அமைதியாகிவிடுகிறது என்பது அன்றைய நியாயம். அது அமைதி இல்லை, பிள்ளை நம்பிக்கை விட்டுப்போன நிலை என்று சொன்னவர் லண்டனின் டவிஸ்டாக் கிளினிக் என்ற மனநல மையத்தில் இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன். குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்து 1952இல் மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்தச் சிறுமி பெரிதாக அழவில்லை. தன் கரடிப் பொம்மையையும் வீட்டிலிருந்து வந்த போர்வைத் துண்டையும் விடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். படம் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் மருத்துவமனையில் குழந்தைகளின் நலன் பற்றி ஆராய்ந்த பிளாட் குழு 1959இல் தந்த அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தைகளோடு அம்மாவும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது.

அந்தக் காலத்திலேயே டொனால்ட் வினிகாட் என்ற குழந்தை மருத்துவர் (உளப்பகுப்பாய்வாளரும்கூட), குழந்தைகள் ஏன் ஒரு கந்தல் துணியையோ பொம்மையையோ விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று 1951இல் ஒரு கட்டுரை வாசித்தார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைக் குழந்தை கடப்பதற்கு அந்தப் பொருள்தான் பாலம் என்பது அவர் கருத்து. கடல் தாண்டி அமெரிக்காவில், வியன்னாவில் பிறந்து மான்டிசோரி பயிற்சி பெற்ற எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை 1955இல் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்கான விளையாட்டு, கல்விப் பிரிவைத் தொடங்கினார். அவரை அழைத்தவர் போலியோ ஆராய்ச்சிக்காக அதற்கு முந்தைய ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஃபிரெடெரிக் ராபின்ஸ். இன்று அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளில் 'சைல்ட் லைஃப்' என்று தனித் தொழிலே இருக்கிறது. பொம்மையை வைத்துச் சிகிச்சையை விளக்குவது அவர்களின் அன்றாட வேலை.

நம் ஊரில் நிலைமை வேறு. அரசு ஆஸ்பத்திரி ஆகட்டும், தனியார் ஆகட்டும், பிள்ளை அட்மிட் ஆனால் அம்மாவும் கூடவே அட்மிட் ஆன மாதிரிதான். அதே கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, பாட்டி கொண்டுவரும் தூக்குச் சோற்றைச் சாப்பிட்டு, மாதக்கணக்கில் இருக்கும் அம்மாக்கள் உண்டு. அதனால் அம்மா இல்லாத குறையைப் பொம்மை போக்குகிறது என்ற ஐரோப்பியக் கதையை அப்படியே இங்கே சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாவையும் நிறுத்திவிடும் கதவுகள் மூன்று உண்டு: ஆபரேஷன் தியேட்டர், ஐசியு, ஊசி போடும் அறை. பிள்ளை உண்மையில் தனியாகப் போவது அங்கேதான். அந்தக் கதவுக்கு அப்பால் கூடப் போகக்கூடிய பொருளாகப் பொம்மை இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வீடுகளில் ஊசி ஒரு மிரட்டல். சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார், சேட்டை பண்ணினால் சிஸ்டரிடம் சொல்லிவிடுவேன் என்று சொல்லியே வளர்க்கிறோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது 'ஊசியெல்லாம் போட மாட்டாங்க கண்ணு, சும்மா பார்ப்பாங்க' என்று அன்போடு பொய் சொல்கிறோம். நாலைந்து வயதில், கெட்டது நடந்தால் அது தான் செய்த தப்புக்குத் தண்டனை என்று குழந்தைகள் நம்புவது இயல்பு. கடும் நோயும் தினசரி ஊசியும் சேர்ந்தால், தான் என்ன தப்பு செய்தோம் என்று அந்தப் பிள்ளை தேட ஆரம்பித்துவிடும். தப்பே செய்யாத ஒரு பொம்மைக்கும் அதே ஊசி, அதே கட்டு, அதே மொட்டைத் தலை என்று காட்டுவது, எந்த ஆறுதல் வார்த்தையையும்விட நேராகப் போய்ச் சேரும்.

ஒரு உதாரணத்தை அருகிலிருந்து பார்க்கலாம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய், அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் இழுக்கும். அதில் பல தடவை முதுகுத்தண்டில் ஊசி போட வேண்டிவரும். அதற்குப் பிள்ளை ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு ஒட்டி, தாடையை நெஞ்சில் வைத்து, இறால் மாதிரி சுருண்டு படுக்க வேண்டும். யாரோ பெரியவர் வந்து அமுக்கிப் பிடித்தால் பயம் இரட்டிப்பாகும். அதே நிலையில் முதல் நாளே பொம்மையைப் படுக்க வைத்து, 'இப்படி வளைந்தால் எலும்புக்கு நடுவில் இடம் கிடைக்கும், ஊசி சீக்கிரம் முடிந்துவிடும்' என்று காட்டி, பிள்ளையையே ஊசியில்லாத சிரிஞ்சால் பொம்மைக்குப் போடச் சொன்னால், அடுத்த நாள் நடக்கப்போவது தெரிந்த விஷயமாகிவிடும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் இடங்களிலும், முழித்த பின் முதுகில் ஏன் பிளாஸ்டர் இருக்கிறது என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

இப்போது தையலுக்கு வருவோம். அந்தப் பொம்மை இடுப்பில் மடிய வேண்டும், கழுத்து குனிய வேண்டும். பஞ்சை அமுக்கி அமுக்கி அடைத்துக் கட்டையாக்கிவிட்டால் அது சுருளவே சுருளாது. காலில் பஞ்சு அடைத்ததும் தொடை சேருமிடத்தில் குறுக்கே ஒரு வரித் தையல் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் உடம்புக்கு அடைக்க வேண்டும். கைக்கும் அப்படியே. புறங்கையில் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் வைக்கும் சின்னக் குழாய்) ஒட்டிக் காட்ட வேண்டும் என்பதால் கை மெலிந்த நாடாவாக இல்லாமல் கொஞ்சம் பட்டையாக இருக்கட்டும். கீமோ போர்ட் (புற்றுநோய் மருந்து ஏற்ற மார்பில் தோலுக்கடியில் வைக்கும் கருவி) வைக்கும் பிள்ளைகளுக்காக என்றால், மார்பின் மேல்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே பூ வேலைப்பாடு வேண்டாம்.

துணிக்கு நெருக்கமாக நெய்த பருத்தி நல்லது. காடா துணி மலிவு, உறுதி, பேனா மையையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கடையிலிருந்து வரும்போது அதில் கஞ்சி இருக்கும், துவைத்தால் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே சுடுதண்ணீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையிலேயே தோள்பட்டை கோணிக்கொள்ளும். சின்னத் தையலாக வைத்து, சுற்றிலும் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். கழுத்தும் அக்குளும்தான் பிய்யும் இடங்கள், ஏனென்றால் எந்தப் பிள்ளையும் பொம்மையை இடுப்பில் ஏந்தித் தூக்குவதில்லை. கையைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டு போகும். வளைவுகளில் தையல் வரை கத்தரியால் நறுக்கிவிட்டுத்தான் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தில் சுருக்கம் விழும். கடைசியில் பஞ்சு அடைத்த வாயைக் கையால், நூல் வெளியே தெரியாமல், நெருக்கித் தைக்க வேண்டும். நிறையப் பேர் அவசரப்படுவது இந்த இரண்டங்குல இடத்தில்தான். பொம்மை பிரிந்து வருவதும் அங்கேதான்.

பஞ்சு விஷயத்தில் நம் பாட்டிமார் அறிவு இங்கே கைகொடுக்காது. தலையணைக்கு இலவம் பஞ்சை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகும், உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், தூசும் பறக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு அது ஆபத்து. புதிதாக வாங்கிய பாலியஸ்டர் ஃபைபர்தான் பொருத்தம். சீக்கிரம் காயும், துவைத்தாலும் உருவம் மாறாது. பழைய தலையணைப் பஞ்சு, தையல்கடைத் துண்டுத்துணி, அரிசி, கடுகு, மணல் எதுவும் கூடாது.

கண்ணுக்குப் பட்டன், மணி, கண்ணாடிக் கல் வைப்பது வழக்கம். இந்தப் பொம்மைக்கு அது கூடவே கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் அடங்கிவிடும் எந்தப் பாகமும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. முகம் வேண்டுமென்றால் எம்பிராய்டரி நூலில் போடலாம். கம்பளி நூல் முடியும் பிய்ந்து வரும், விரலில் சுற்றிக்கொள்ளும். அதற்குப் பதில் பொம்மையை மொட்டைத் தலையாகவே விட்டு, கழற்றி மாட்டும் துணித் தொப்பி ஒன்று தைத்துக் கொடுக்கலாம். கீமோவில் முடி கொட்டிய பிள்ளைக்கு அந்தத் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதும் தன் விருப்பப்படி நடக்கும் ஒரு காரியம். மொட்டைத் தலை பார்பி வேண்டும் என்று பெற்றோர் இணையத்தில் குரல் கொடுத்து, 2012இல் மேட்டல் நிறுவனம் முடியில்லாத பொம்மையை உருவாக்கி மருத்துவமனைகள் வழியாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது. துணியில் தைப்பவர்களுக்கு அதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

குண்டூசியை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதி யூனிட்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே மெஷின் ஊசி உடைந்தால் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினால்தான் புது ஊசி. துண்டு கிடைக்காவிட்டால் அந்த உருப்படியே கழிவுதான். பின்னலாடைக்கு இருக்கும் இந்தக் கண்டிப்பு, நோயாளிக் குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மைக்குக் கண்டிப்பாக வேண்டும். எம்ஆர்ஐ அறை வாசலிலும் உலோகம் எதுவும் இல்லாத பொம்மைதான் பிரச்சினை தராது.

இதே கண்டிப்பு டென்மார்க்கில் குறைப்பிரசவக் குழந்தைகளுக்காகக் குரோஷாவில் பின்னும் ஆக்டோபஸ் பொம்மைகளிலும் உண்டு. 2013இல் தொடங்கிய அந்த முயற்சியில், கை ஒவ்வொன்றும் இழுத்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, முழுக்கப் பருத்தி நூலாக இருக்க வேண்டும், 60 டிகிரி சுடுதண்ணீர்ச் சலவையைத் தாங்க வேண்டும் என்று விதிகள். நீளம் கூடினால் கழுத்தில் சுற்றும் அபாயம். அங்கே ஆசைக்கு ஒரு அங்குலம்கூட இடம் இல்லை.

சுத்தம்தான் பெரிய தலைவலி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் குழந்தைகள் புற்றுநோய் வார்டு ஒன்றில் சூடோமோனாஸ் கிருமித் தொற்று பரவியபோது, காரணம் தண்ணீர் தேங்கும் குளியல் பொம்மைகள் என்று கண்டுபிடித்து 1998இல் வெளியிட்டார்கள். நியூசிலாந்தில் கிளினிக் காத்திருப்பு அறைப் பொம்மைகளைச் சோதித்தபோது, கெட்டியான பொம்மைகளைவிட மெத்துப் பொம்மைகளில்தான் கிருமி அதிகம் இருந்தது. எனவே ஒரு பொம்மை ஒரு குழந்தைக்கு மட்டும்தான். வார்டு அலமாரியில் வைத்து எல்லோரும் மாற்றி மாற்றி விளையாடுவதற்கு இது இல்லை. தைத்து முடித்ததும் வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, முழுக்கக் காயவைத்து, உடனே புது பிளாஸ்டிக் பையில் போட்டு மூட வேண்டும். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு மல்லிகை வாசனை சலவைத்தூள்கூட வாந்தி வரவைக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் அறையில் காயப் போடாமல் இருப்பது நல்லது. எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவு போன்ற இடங்களில் துணிப்பொம்மையையே உள்ளே விடாமல் இருக்கலாம். அந்த முடிவு வார்டுடையது.

இங்கே வினிகாட் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறார். குழந்தை நெருக்கமாக வைத்திருக்கும் பொருளின் வாசனையே அதன் உயிர், துவைத்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று தாய்மாருக்குத் தெரியும் என்பது அவர் சொன்னது. தொற்று தடுப்பு நர்ஸ் சொல்வது நேர் எதிர். இருவர் சொல்வதும் சரி. ஒரே மாதிரி இரண்டு பொம்மைகளைத் தைத்து ஒரே பிள்ளைக்குக் கொடுத்து, முதல் நாளிலிருந்தே மாற்றி மாற்றிப் புழங்க விடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. ஒன்று சலவையில் இருக்கும்போது மற்றதில் வாசனை ஏறிக்கொண்டிருக்கும். நூறு பிள்ளைகளுக்கு நூறு பொம்மை என்று கணக்குக் காட்டுவதைவிட, ஐம்பது பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு கொடுப்பது மேல் என்று உறுதியாக நினைக்கிறேன்.

முகமில்லாத வெறும் பொம்மைக்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த ஏமி ஜாண்ட்ரிசெவிட்ஸ், குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தவர். பொம்மைகளை வைத்துக் குழந்தைகளோடு பேசும்போது, அந்தப் பொம்மைகள் எதுவும் அந்தப் பிள்ளைகளின் சாயலில் இல்லை என்பது அவரை உறுத்தியது. பிறகு 'எ டால் லைக் மீ' என்ற பெயரில், அந்தந்தக் குழந்தையின் உடம்பைப் பார்த்து அதேபோலத் தைக்கத் தொடங்கினார். ஒரு கால் இல்லாத பிள்ளைக்கு ஒரு கால் இல்லாத பொம்மை. முகத்தில் மச்சமோ தழும்போ இருந்தால் அதே இடத்தில் அதே அளவில். நம் கடைகளில் துணிப்பொம்மை என்றாலே ரோஸ் நிறத் தோலும் தங்க நிற முடியும்தான். ஒரு கறுத்த பிள்ளை, அதிலும் உடம்பில் தழும்போடு இருக்கும் பிள்ளை, தன்னைப் போன்ற பொம்மையை எங்கே போய்ப் பார்க்கும்? பழுப்பு நிற பாப்ளினில் தைப்பதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா என்று கேட்டால், அளந்து சொல்ல வேண்டும். ஊசி வலி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கவனத்தைத் திருப்புவதும் மூச்சுப் பயிற்சியும் வலியையும் பயத்தையும் குறைக்க உதவுகின்றன என்று தெரிகிறது. ஆனால் அந்த ஆய்வுகள் பல சிறியவை, தரமும் சுமார். பொம்மை நோயைக் குணப்படுத்தாது. வலி மருந்துக்கு அது மாற்றும் கிடையாது. வலி மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளையிடம் பொம்மையைக் கொடுத்துச் சமாளிப்பது கொடுமை. அதோடு, பொம்மையை வைத்து விளக்க அங்கே ஆள் வேண்டும். நம் அரசு வார்டுகளில் சிஸ்டர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அதனால் பொம்மையோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் வைத்து, எப்படிக் காட்டுவது என்று அம்மாவுக்கோ பாட்டிக்கோ சொல்லிக் கொடுத்தால் அதிகம் நடக்கும்.

தைப்பவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதும் பேச வேண்டியதுதான். கனடா ராணுவத்தில் கண்ணிவெடி அகற்றும் பொறியாளராக இருந்த மார்க் இஸ்ஃபெல்ட், முன்னாள் யூகோஸ்லாவியாவில் பணியில் இருந்தபோது, இடிந்த வீட்டின் கற்குவியலில் கிடந்த ஒரு பொம்மையின் படத்தை வீட்டுக்கு அனுப்பினார். அதைப் பார்த்து அவர் அம்மா கரோல் சின்னச் சின்ன பொம்மைகள் பின்னி அனுப்ப, மகன் அங்கிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1994 ஜூனில் குரோஷியாவில் கண்ணிவெடி வெடித்து மகன் இறந்தார். கரோல் பின்னுவதை நிறுத்தவில்லை. மகனின் செல்லப் பெயரில் 'இஸ்ஸி பொம்மை' என்று நாடு முழுக்கப் பரவியது. பிறகு ஐக்ராஸ் கனடா என்ற அமைப்பு, ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் மருந்துப் பெட்டிகளில் இடைவெளியை அடைக்கும் பொருளாகவே இந்தப் பொம்மைகளை வைத்து அனுப்பியது. மருந்தும் உடையாமல் போனது, பொம்மையும் போனது.

நமக்குப் பக்கத்திலேயே சுனாமிகா என்ற குட்டித் துணிப்பொம்மை இருக்கிறாள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் தன் தையல் கழிவுத் துணிகளைக் கொண்டு மீனவப் பெண்களுக்குச் சின்னப் பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தது. கடலைப் பார்க்கவே பயந்திருந்தவர்களின் கைக்கு ஒரு வேலை. அந்தப் பொம்மைகள் விற்கப்படவில்லை, அன்பளிப்பாகவே போயின. அங்கே ஆறுதல் தேவைப்பட்டது செய்தவர்களுக்கு, அதைச் செய்யும்போதே அது கிடைத்தது. நோயாளிக் குழந்தைகளுக்காகத் தைக்கும் குழுக்களிலும், பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் இருப்பது இயல்பு. அவர்களுக்கு அந்த மெஷினும் அந்தத் துணியும் தேவைதான். ஆனால் தைப்பவரின் ஆறுதல் ஒரு கணக்கு, பிள்ளையின் தேவை இன்னொரு கணக்கு. இரண்டும் மோதினால் பிள்ளையின் பக்கம்தான் நிற்க வேண்டும். ஆசையாகத் தைத்த ஜரிகைப் பாவாடையை வார்டு வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

ஆகவே முதலில் ஒரே ஒரு மாதிரிப் பொம்மை தைத்து, குழந்தைகள் பிரிவின் நர்சிங் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த வயதுப் பிள்ளைகள் அதிகம், எந்த அளவு வசதி, எப்படித் துவைப்பார்கள், யார் கையால் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். பைக்குள் துணி, பஞ்சு விவரமும் துவைக்கும் முறையும் எழுதிய சீட்டு இருக்கட்டும். சாமி படம், பிரார்த்தனை வாசகம், உங்கள் போன் நம்பர் வேண்டாம். பிறந்தநாள், நினைவுநாள் கணக்கில் நாற்பது பேர் திரண்டு போய் வார்டில் நின்று கொடுப்பதும் வேண்டாம். கட்டிலில் மொட்டைத் தலையோடு படுத்திருக்கும் பிள்ளை கையில் உங்கள் பொம்மையைக் கொடுத்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அந்தப் பெற்றோரால் அந்த நேரத்தில் உங்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது.